டவருக்குப் பயம், டிரையருக்கு இல்லை

திருப்பூரில் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு மொட்டை மாடியில் மொபைல் டவர் வரப்போகிறது என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டியதில்லை. தெரு கூடும். பெண்கள் முன்னால் நிற்பார்கள். மனு எழுதப்படும், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கொடுக்கப்படும். குருவி காணாமல் போனதில் தொடங்கி கேன்சர் வரைக்கும் அந்த மனுவில் எல்லாம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீட்டுக்குள் வருகிறது என்றால் கேள்வி கேட்பது நியாயம்தான். அதில் தப்பில்லை.

வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நூல் சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவராக இருந்தால், மனுவைக் கொடுத்துவிட்டு அன்று ராத்திரி ஷிப்டுக்குப் போய் எங்கே நிற்பார் தெரியுமா? 'ஆர்.எஃப். டிரையர்' என்ற ரேடியோ அலை உலர்த்தியின் வாயில். டவரில் ஒரு ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி ஒரு கேரியருக்குச் சுமார் 20 வாட். உலர்த்திக்குள் இருப்பதோ பல பத்தாயிரம் வாட். டவர் இருப்பது வீட்டிலிருந்து முப்பது நாற்பது மீட்டர் தள்ளி. டிரையர் இருப்பது கை எட்டும் தூரத்தில். டிரையரின் சக்தி இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தப் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

இந்த மிஷின் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். திருப்பூர் என்றால் பனியன் துணியை அப்படியே சாயம் போடுவதுதான் பெரும்பாலும். ஆனால் கோடு போட்ட டி-ஷர்ட் வேண்டும் என்றால், பின்னுவதற்கு முன்பே நூலுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஓட்டை போட்ட குழலில் நூலைச் சுற்றி, அடுக்கடுக்காகக் கலத்தில் இறக்கி, அழுத்தத்தோடு சாயத்தைச் செலுத்துவார்கள். வெளியே எடுத்ததும் 'ஹைட்ரோ'வில் போட்டுச் சுற்றுவார்கள். என்னதான் சுற்றினாலும் பருத்தி நூல் தன் எடையில் கிட்டத்தட்டப் பாதி அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இதைச் சூடான காற்றில் காய வைத்தால் வெளிப்பக்க நூல் முறுகிப் போகும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தலைகாணியை வெயிலில் காயப் போட்டவர்களுக்கு இது புரியும்.

அங்கேதான் ரேடியோ அலை வருகிறது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் ஓடும் பெல்ட், பெல்ட்டின் மேல் ஈர நூல் உருளைகள். தகடுகளுக்கு இடையே உள்ள மின்புலம் ஒரு வினாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் தடவை திசை மாறி மறுபடி பழைய திசைக்கே வருகிறது, அதாவது 27.12 மெகா ஹெர்ட்ஸ். தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்பு அயனிகள் முன்னும் பின்னும் இழுபடுகின்றன, நீர் மூலக்கூறுகளும் புரள்கின்றன. சூடு வெளியிலிருந்து உள்ளே போவதில்லை, ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே பிறக்கிறது. ஈரம் அதிகமுள்ள இடம் அதிகம் சூடாகும், காய்ந்த இடம் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். உலர்த்தும் வேலைக்கு இதைவிடப் புத்திசாலியான முறை கிடைப்பது கஷ்டம். இத்தாலியின் ஸ்டாலம், புனேயின் மோங்கா ஸ்ட்ரேஃபீல்ட் போன்ற கம்பெனிகள் இத்தகைய மிஷின்களைச் செய்கின்றன. நன்றாகச் செய்த மிஷின், நன்றாகப் பராமரித்தால், நல்ல மிஷின்தான். இந்தக் கட்டுரை மிஷினுக்கு எதிரானது இல்லை (சாயப்பட்டறை முதலாளிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!).

அது ஏன் 27.12? 1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச தொலைத்தொடர்பு மாநாட்டில், தொழிற்சாலை, ஆராய்ச்சி, மருத்துவக் கருவிகள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று சில அலைவரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். சமையலறை மைக்ரோவேவ் அவனின் 2450 மெகா ஹெர்ட்ஸும் அப்படி ஒதுக்கப்பட்டதுதான், சாயப்பட்டறையின் 27.12-ம் அப்படித்தான். இன்னொரு இடத்திலும் இந்த 27.12 உண்டு. பவர் டேபிளில் பத்து மணி நேரம் குனிந்து தைத்து இடுப்பு வலி வந்தவர்கள் பிசியோதெரபி கிளினிக்குப் போனால், இரண்டு பட்டைகளை வைத்து 'கரண்ட் சூடு' கொடுப்பார்களே, அந்த ஷார்ட்வேவ் டயாதெர்மி மிஷினும் பொதுவாக இதே 27.12 மெகா ஹெர்ட்ஸ்தான். அங்கே சில நிமிடம் வைத்து, நேரம் பார்த்து நிறுத்துகிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கொடுப்பதில்லை. உடம்பில் உலோகத் தகடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இங்கே டிரையர் வாயில் நிற்பவரை யார் கேட்கிறார்கள்?

இந்த டயாதெர்மி உதாரணம் சும்மா சொல்லப்பட்டதில்லை. அந்த சிகிச்சை எதற்காக இருக்கிறது? தோலைத் தாண்டி ஆழத்தில் உள்ள தசையைச் சூடாக்க. அவனின் 2450 மெகா ஹெர்ட்ஸ் அலை உடம்பில் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். 27 மெகா ஹெர்ட்ஸ் அதைவிட ஆழமாகப் போகும். சூட்டை உணரும் நரம்புகள் அதிகம் இருப்பது தோலில். ஆழத்தில் சூடு ஏறினால் 'அய்யோ சுடுகிறது' என்று கையை இழுக்கத் தோன்றாது.

இன்னொரு சங்கதியும் உண்டு. தரையில் நிற்கும் மனித உடம்பே ஒரு ஆன்டெனா மாதிரி. சராசரி உயரமுள்ள ஒருவர் வெறுங்காலோடு தரையில் நின்றால், அவர் உடம்பு அதிகமாக அலையை உறிஞ்சும் அதிர்வெண் சுமார் 35-லிருந்து 40 மெகா ஹெர்ட்ஸ். செருப்பு ரப்பர் போல மின்காப்பாக இருந்தால் அது 70 பக்கம் போய்விடும். 27.12 அந்த முதல் எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். சாயப்பட்டறைத் தரையோ எப்போதும் ஈரம். வெறுங்காலோடு நடப்பதும் அங்கே சகஜம். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழு 1998-இல் வெளியிட்ட வரம்புகளில், 10 முதல் 400 மெகா ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்குத்தான் மிகக் கடுமையான எண்களை வைத்தார்கள். காரணம் இந்த ஆன்டெனா சமாச்சாரம்தான். தொழிலாளிக்கு மீட்டருக்கு 61 வோல்ட், பொதுமக்களுக்கு 28 வோல்ட். காந்தப்புலத்துக்குத் தனியாக, மீட்டருக்கு 0.16 ஆம்பியர், 0.073 ஆம்பியர். 2020-இல் வரம்புகளைத் திருத்தினார்கள். ஆனாலும் 27 மெகா ஹெர்ட்ஸில் எண் பெரிதாக நகரவில்லை.

சரி, அளப்பதற்கு வருவோம். கடையில் ஒரு மீட்டர் வாங்கி மிஷின் பக்கத்தில் நீட்டினால் தெரிந்துவிடாதா என்றால், இல்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

முதலில் செல்போன் ஆப். 'கதிர்வீச்சு அளக்கும் ஆப்' என்று நிறைய இருக்கின்றன. அவை பயன்படுத்துவது போனுக்குள் திசைகாட்டிக்காக இருக்கும் காந்த உணரியை. அது பூமியின் காந்தப்புலத்தையும் பக்கத்தில் உள்ள இரும்பையும் காட்டும். வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை மாறும் புலம் அதற்குத் தெரியவே தெரியாது. நேரப்போக்குக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இணையத்தில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் கருவிகள். அவனின் கசிவுக்காகச் செய்தவை 2450 மெகா ஹெர்ட்ஸை மனதில் வைத்துச் செய்தவை. அதைவிடக் கொஞ்சம் விலை கூடின கையடக்க மீட்டர்களில் பலவும் 50 மெகா ஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்கும். அட்டையிலேயே போட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை. அதைக் கொண்டுபோய் 27.12 மெகா ஹெர்ட்ஸ் டிரையர் பக்கத்தில் வைத்தால் அது காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பூஜ்யம் காட்டினால் இன்னும் மோசம். 'அளந்து பார்த்தாச்சுப்பா, ஒண்ணுமில்லை' என்று முதலாளியும் நிம்மதி, தொழிலாளியும் நிம்மதி. அளக்காமல் இருந்திருந்தால் சந்தேகமாவது மிச்சமிருக்கும்!

மூன்றாவது பிரச்சனைதான் உண்மையில் சுவையானது. 2450 மெகா ஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 27.12-இல் அதுவே 11 மீட்டர்! அதாவது டிரையர் பக்கத்தில் ஒன்றிரண்டு மீட்டரில் நிற்பவர் ஒரு முழு அலைக்குள்ளேயே நிற்கிறார். குளத்தில் கல் போட்டால் தூரத்தில் ஒழுங்கான வளையங்கள் தெரியும், கல் விழுந்த இடத்தில் ஒரே கலக்கம்தான். அந்தக் கலக்கப் பகுதிதான் இது. தூரத்தில் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் ஒரு நிலையான விகிதம் உண்டு, ஒன்றை அளந்து மற்றதைக் கணக்குப் போட்டுவிடலாம். கிட்டத்தில் அந்த விகிதம் கிடையாது. ஒரு இடத்தில் மின்புலம் எகிறும், அரை மீட்டர் தள்ளிக் காந்தப்புலம் எகிறும். அதனால் 'சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட்' என்று ஒற்றை எண்ணில் சொல்வது இங்கே செல்லாது. மின்புலத்துக்கு ஒரு உணரி, காந்தப்புலத்துக்கு ஒரு உணரி, இரண்டும் 27 மெகா ஹெர்ட்ஸுக்கு அளவுத்திருத்தம் செய்தவையாக இருக்க வேண்டும். நல்ல உணரிக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று குட்டி ஆன்டெனாக்கள் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் ஒரே எண் வர வேண்டும் என்பதற்காக.

சமையலறை அவனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் குறைவு. அதன் கதையையும் சொல்லிவிட்டால் வித்தியாசம் புரியும். ரேதியான் கம்பெனியில் ராடார் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் 1945-இல் பதிவு செய்த யோசனை அது. வீடுகளுக்குள் அவன் பரவத் தொடங்கியதும் அமெரிக்கா 1968-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 1971 அக்டோபரிலிருந்து அவனுக்குக் கசிவு வரம்பு வந்தது. தொழிற்சாலையை விட்டு வரும்போது 5 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், அதன்பின் அதன் ஆயுள் முழுக்க 5 மில்லிவாட். உள்ளே 275 மில்லி தண்ணீர் வைத்து, கதவு விளிம்பு, ஜன்னல், காற்றுத் துளை என்று உணரியை மெதுவாக நகர்த்தி அளக்க வேண்டும். தண்ணீர் எதற்கு? வெறும் அவனை ஓட்டினால் உள்ளே அலையை உறிஞ்ச ஆளில்லை, மிஷினும் கெடும், எண்ணும் உண்மையான உபயோகத்தைக் காட்டாது.

5 மில்லிவாட் என்பதை மொபைல் டவரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். அது சதுர மீட்டருக்கு 50 வாட். இந்தியா 2008-இல் டவர்களுக்குச் சர்வதேச வரம்பை ஏற்றுக்கொண்டது. பிறகு 2012 செப்டம்பர் 1 முதல் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகா ஹெர்ட்ஸுக்கு சதுர மீட்டருக்கு 0.45 வாட். ஆக, அவன் கதவுக்கு அனுமதி டவரைப் போல நூறு மடங்குக்கும் மேல்! ஆனால் பதறாதீர்கள். அது 5 சென்டிமீட்டரில். அரை மீட்டர் தள்ளி நின்றால் சுமார் நூறில் ஒரு பங்காகிவிடும். தவிர, கதவு வளையாத அவன்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்கும். அவனுக்குள் செல்போனை வைத்து வெளியிலிருந்து கூப்பிட்டு, 'ரிங் போகுது, லீக் ஆகுது' என்று பயப்படுவதும் வீண். ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான சிக்னலில்கூட போன் மணி அடிக்கும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் கசியும் நல்ல அவனுக்குள்ளும் அது அடிக்கத்தான் செய்யும்.

வரம்பு என்பதே கொஞ்சம் அரசியல் கலந்த எண் என்பதையும் சொல்ல வேண்டும். 1950-களின் கடைசியில் சோவியத் யூனியன் மைக்ரோவேவுக்கு வைத்த வரம்பு, அதே காலத்தில் அமெரிக்கா புழங்கிய வரம்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே உடம்பு, ஒரே அலை, இரண்டு எண்கள். அமெரிக்கர்கள் சூட்டை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். சோவியத் விஞ்ஞானிகள் தலைவலி, சோர்வு என்று தொழிலாளிகள் சொன்னதையும் எடுத்தார்கள். இந்தச் சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. 2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை '2பி' என்ற வகையில், அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற சந்தேகப் பட்டியலில் வைத்தது. உறுதியானது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது சூடும், மின் அதிர்ச்சியும், தீக்காயமும்தான். சாயப்பட்டறைக்கு இப்போதைக்கு அந்த மூன்றே போதும்.

அதில் தீக்காயம் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். டிரையர் பக்கத்தில் ஒரு இரும்பு டிராலி நிற்கிறது. புலத்தில் நிற்கும் எந்த உலோகமும் தன்மேல் மின்னழுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதைத் தொட்டதும் விரல் நுனியில் சுரீர் என்று ஒன்று. இது எத்தனை பட்டறைகளில் இப்படிப் பேசி முடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்:

"அண்ணா, வண்டியத் தொட்டா கரண்ட் அடிக்குதுங்க."

"அது ஸ்டேட்டிக்கு தாம்ப்பா. நூல் காயற எடத்துல அப்புடித்தான் இருக்கும். வேலையப் பாரு."

ஸ்டேட்டிக்காகவும் இருக்கலாம், காய்ந்த நூலில் அது வருவது உண்மை. ஆனால் ஸ்டேட்டிக் ஒரு தடவை அடித்தால் தீர்ந்துவிடும். மறுபடி சேர நேரமாகும். தொட்ட இடத்தில் சூடு தொடர்ந்து இருந்தால், விரலில் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தோல் வெந்திருந்தால், மிஷினை நிறுத்தியதும் அது நின்றுவிட்டால், அது வேறு. மிஷின் பக்கத்தில் எங்கும் இணைக்காத டியூப்லைட் ஒன்று தானாக மினுக்கினால் அதுவும் வேறு. பழைய பிசியோதெரபிஸ்ட்கள் டயாதெர்மி மிஷின் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சின்ன நியான் விளக்கை வைத்துத்தான் சோதிப்பார்கள். இது அளவீடு இல்லை, 'அளக்க ஆள் கூப்பிடு' என்பதற்கான அறிகுறி. சர்வதேசக் குழு 1998-இல் தொடுமின்னோட்டத்துக்கும் வரம்பு வைத்தது. தொழிலாளிக்கு 40 மில்லி ஆம்பியர். கால் வழியாகத் தரைக்கு இறங்கும் மின்னோட்டத்துக்கு 100 மில்லி ஆம்பியர். இதை அளக்க ஒரு மேடை மாதிரியான கருவி உண்டு. அதன் மேல் ஏறி நின்றால் கணுக்கால் வழி எவ்வளவு இறங்குகிறது என்று காட்டும். தடிமனான ரப்பர் விரிப்பு போட்டாலே அந்த எண் குறையும் என்பது அந்தக் கருவியில் கண்ணெதிரே தெரியும்.

கசிவு எங்கிருந்து வரும்? பலரும் பெல்ட் நுழையும் பெரிய வாயைத்தான் காட்டுவார்கள். ஒரு மீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறதே! ஆனால் 11 மீட்டர் நீள அலைக்கு அந்த வாய் ஊசிக்காது. அதன் வழியாக அலை ஓடி வர முடியாது, சுரங்கம் போன்ற அந்த நீட்டத்துக்குள்ளேயே வேகமாகத் தேய்ந்துவிடும். அந்த நீட்டம் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஒரே நிபந்தனை, அந்த வாய் வழியாக உள்ளிருந்து வெளியே எந்த உலோகமும் நீளமாக வரக் கூடாது. உடைந்த பெல்ட்டைக் கட்டுக்கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள் என்று வையுங்கள், அல்லது யாரோ வெப்பநிலை பார்க்க ஒயர் ஒன்றை உள்ளே விட்டார்கள் என்று வையுங்கள். அவ்வளவுதான், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலை வெளியே நடந்து வந்துவிடும்.

உண்மையான வில்லன்கள் சின்னவை. ஜெனரேட்டர் அலமாரியின் பக்கவாட்டுத் தகட்டில் இருபது போல்ட் இருக்கும். ஃபிட்டர் அவசரத்தில் கழற்றி, ராத்திரி மூன்று மணிக்குத் திரும்பப் போடும்போது ஆறு போட்டு மூடிவிடுவார். தகட்டின் மேல் ஓடும் மின்னோட்டம் போல்ட் இல்லாத இடுக்கில் தடைப்படும், அந்த இடுக்கே ஆன்டெனாவாகும். கதவு விளிம்பில் வரிசையாக வில் போன்ற செம்புக் கலவைத் தகடுகள் இருக்கும். நாலு வருடத்தில் அவை தளர்ந்து, பொறி பட்டுக் கருகி, சாயப்பட்டறையின் உப்பு ஈரத்தில் பச்சை பூத்துப் போகும். பூமியோடு இணைக்கும் பட்டை துருப்பிடித்து அறுந்து தொங்கும். கதவைத் திறந்தால் மிஷின் நிற்க வேண்டிய சுவிட்சுக்கு யாராவது ஒரு ஒயரால் 'ஷார்ட்' கொடுத்திருப்பார்கள், உற்பத்தி நிற்கக் கூடாதல்லவா. இதில் ஒன்றைக் கண்டுபிடிக்கக்கூட லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். ஒரு டார்ச்சும் ஸ்பேனரும் போதும். கருவி அதற்கு அடுத்த கட்டம்.

அந்தக் கட்டத்தில் அளப்பவர் செய்ய வேண்டியது தூரத்திலிருந்து கிட்டே வருவது. கிட்டே போய் ஆரம்பித்தால் உணரியே எரிந்து போகலாம் (விலையைக் கேட்டால் அளப்பவரும் எரிவார்). மனித உடம்பு புலத்தைக் கலைக்கும் என்பதால், முதலில் தொழிலாளி நிற்கும் இடத்தை விட்டு அவரை விலகச் சொல்லிவிட்டு, உலோகமில்லாத நீண்ட கைப்பிடியால் உணரியை அங்கே நீட்ட வேண்டும். கண், மார்பு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று உயரம் உயரமாக எடுக்க வேண்டும், ஏனென்றால் புலம் எல்லா உயரத்திலும் ஒன்றாக இருக்காது. நெஞ்சுக்கு நேரே 20 வோல்ட் காட்டும் இடத்தில் காலுக்கு நேரே 100 காட்டலாம். 1998 வரம்பு ஆறு நிமிடச் சராசரிக்கு. அந்தச் சராசரியும் எண்ணின் வர்க்கத்தில் போகும். மீட்டருக்கு 122 வோல்ட் என்றால் வரம்பைவிட இரண்டு மடங்கு என்று தோன்றும், உடம்பில் ஏறும் சூட்டில் அது நான்கு மடங்கு. அந்த இடத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒன்றரை நிமிடம்தான் நிற்கலாம். டிரையரில் உருளை அடுக்குபவர் ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு நாலரை நிமிடம் டீ குடிக்கப் போக முடியுமா என்ன? எனவே நேரத்தைக் குறைப்பது நடக்காத காரியம். இடுக்கை அடைப்பது, இல்லாவிட்டால் ஆள் நிற்கும் இடத்தை மாற்றுவது, இவைதான் நடக்கும்.

யார் அளப்பது? மைக்ரோவேவ் மின்னணுவியலுக்கென்றே மத்திய அரசு 1984-இல் தொடங்கிய 'சமீர்' நிறுவனத்துக்குச் சென்னை தரமணியில் ஒரு மையம் இருக்கிறது, மின்காந்தவியல்தான் அதன் வேலையே. ஆள் இல்லாத தேசமில்லை இது. ஆனால் கட்டாயம் எங்கே இருக்கிறது? 2008, 2012 உத்தரவுகள் மொபைல் டவர்களுக்கானவை. 2017 மே மாதம் 'தரங் சஞ்சார்' என்ற தளம் வந்தபோது, 4,000 ரூபாய் கட்டினால் உங்கள் வீட்டு வாசலிலேயே வந்து டவர் அலையை அளந்து தருகிறோம் என்றது தொலைத்தொடர்புத் துறை. டிரையருக்கு அந்தக் கதவு கிடையாது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைக் கேட்டால், எக்ஸ்ரே போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய யூனியனில் 2013-இல் தொழிலாளர்களுக்கான மின்காந்தப்புல உத்தரவு ஒன்று வந்தது, அங்குள்ள முதலாளி ஆபத்தை மதிப்பிட்டே ஆக வேண்டும், தேவைப்பட்டால் அளக்கவும் வேண்டும். அதே ஐரோப்பாவுக்குப் போகும் கோடு போட்ட டி-ஷர்ட்டின் நூல் காய்ந்தது இங்கே. பையர் ஆடிட் வரும்போது லக்ஸ் மீட்டரோடு வருவார்கள், சத்தம் அளப்பார்கள், தீயணைப்பான் தேதி பார்ப்பார்கள், கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் வரை பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் 'மீட்டருக்கு எத்தனை வோல்ட்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று அடுத்த தடவை எட்டிப் பாருங்கள்.

திருப்பூருக்கு அளப்பது புதிதில்லை என்பதுதான் இதில் உறைக்கிற விஷயம். நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடியபோது, ஒரத்துப்பாளையம் அணை சாயக்குளமானபோது, விவசாயிகள் கையில் எடுத்தது ஒரு சின்ன டி.டி.எஸ். மீட்டரைத்தான். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற எண் இந்த ஊரில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் எண்கள் பேசின. 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பின் ஆர்.ஓ., எவாபரேட்டர், ஒரு சொட்டு வெளியேற்றம் கூடாது என்று கோடிகளைக் கொட்டினார்கள். தண்ணீருக்குச் சிவப்பு நிறம் இருந்தது, ஆறு கண்ணுக்குத் தெரிந்தது, கீழே நிலம் வைத்திருந்தவன் கோபப்பட்டான். டிரையரின் கசிவுக்கு நிறமில்லை. வாசனையில்லை. அது பட்டறைச் சுவரைத் தாண்டி யார் வயலுக்கும் போவதுமில்லை, இரண்டு மூன்று மீட்டருக்குள் தீர்ந்துவிடும். அந்த இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்பவர் வெளிமாநிலத்திலிருந்து வந்த பையனாகவோ, தேனி பக்கமிருந்து குடும்பத்தோடு வந்தவராகவோ இருப்பார். அவருக்குச் சங்கம் இருக்கலாம், கையில் மீட்டர் இல்லை.

ஒரு பட்டறைக்குத் தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத கருவிதான் இது. ஆனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே பல பட்டறைகள் பங்கு போட்டுப் பணம் கட்டிய ஊர் இது. பத்து நூல் சாயப்பட்டறைகள் சேர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறை ஆளை வரவழைத்துவிடலாம். அளந்த இடத்தில், வரம்பு தாண்டும் எல்லையில் தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு. டிராலியின் கைப்பிடிக்கு ரப்பர் உறை. போல்ட் எண்ணிக்கை எழுதிய ஒரு அட்டை ஜெனரேட்டர் கதவிலேயே. கதவுத் தகடுகளை மாற்றினால், மிஷினை இடம் நகர்த்தினால், திரும்ப ஒருமுறை அளவு.

தேதி குறிக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடிட் என்றால் ஞாயிற்றுக்கிழமை, மிஷினைத் துடைத்து, ஆட்களை அனுப்பிவிட்டு வரச் சொல்வது வழக்கம். காலி பெல்ட்டில், குறைந்த சக்தியில் அளந்த எண்ணை ஃபைலில் வைத்துக்கொள்ளலாம், வேறு உபயோகம் இல்லை. ஈர உருளைகள் பெல்ட் நிறைய ஓட வேண்டும், மிஷின் முழுச் சக்தியில் இருக்க வேண்டும், போல்ட்டுகள் வழக்கமாக எப்படிக் கிடக்குமோ அப்படியே கிடக்க வேண்டும். ஏற்றுமதி தேதி நெருங்கும் வாரத்தில், புதன்கிழமை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்.